எட்டரை மணி என்று எழுதினேன்

கடலூருக்கு நான் வேலைக்கு வந்தது 2004இல். கண் தானம் பெறும் ஒரு சிறிய அலுவலகம் அது. யாராவது இறந்துவிட்டதாகப் போன் வந்தால் டாக்டரோடு கிளம்பிப் போக வேண்டும். கண்ணை எடுப்பவர் டாக்டர். மற்றதெல்லாம் நான்தான். ஐஸ் பெட்டியைத் தூக்குவது, வீட்டாரிடம் பேசுவது, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது, கடைசியில் பஞ்சு வைத்து இமைகளை மூடி, தூங்குகிற முகம் போல ஆக்கிவிட்டு வருவது. படிவம் நிரப்புவதும் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொல்லைக் குழாயில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மாடிப்படி ஏற வேண்டும். மார்கழி மாதத்திலும் குளித்தேன். தெருவில் எனக்குக் 'கண்ணு புடுங்கறவரு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவ்வளவு மரியாதை. எதிர்வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஒரு நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவருடைய மருமகள் கேட்டருகிலேயே என்னை நிறுத்தி, "அவருக்கு ஒண்ணும் இல்லிங்க, நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிக் கேட்டைச் சாத்திவிட்டார். அந்த ஆரஞ்சை நானே நாலு நாள் வைத்துத் தின்றேன்.

பெண் பார்க்கப் போன இடங்களிலும் இதே கதைதான். "வேற எதாச்சும் டிபார்ட்மென்டுக்கு மாத்திக்க முடியாதுங்களா?" என்று ஒரு பெண்ணின் அப்பா கேட்டார். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "நீங்க போறப்ப யாராவது வந்துதான ஆகணும்?" என்று கேட்டுவிட்டேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து பேசாமலே பொழுது போய்விடும். சாயங்காலம் டீக்கடையில் டீ கேட்கும்போது என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கும்.

எங்களுக்கு வருகிற கண்களை நான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். வீட்டுக் கண், ஆஸ்பத்திரிக் கண். வீட்டுக் கண் பெரும்பாலும் வயதானவர்களுடையது. வீட்டாரே கூப்பிட்டு மனமுவந்து கொடுப்பது. புண்ணியம் என்று நினைத்துக் கொடுப்பார்கள், நமக்கும் காப்பி வரும். ஆனால் உயிர் எப்போது போனது என்பதற்கு வீட்டார் சொல்வதுதான் கணக்கு. ஆஸ்பத்திரிக் கண் பெரும்பாலும் விபத்தில் போன சிறுவயதுக்காரர்களுடையது. பிணவறை வாசலில் நின்று பெற்றவர்களிடம் கேட்பதைப் போலக் கொடுமை வேறு கிடையாது. ஒரு முறை ஒரு தாய் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஆனால் அங்கே நேரம் கேஸ் ஷீட்டில் இருக்கும். டியூட்டி நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரம். அதை யாரும் மாற்ற முடியாது.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, அதுவும் எங்கள் ஊர் வெயிலில், கருவிழி கெட்டுக்கொண்டே போகும். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே கெட்டிருக்கும்.

அண்ணாகிராமம் பக்கத்தில் நடந்த ஒரு கண் முகாமில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கண் சிறுவயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் அறுவடையின்போது நெல் சுணை பட்டுப் புண்ணாகி, புண் ஆறியபோது கருவிழி முழுக்க வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், எதிரே கையை ஆட்டினால் நிழல் தெரியும், அவ்வளவுதான். புருஷன் எங்கேயோ போய்விட்டான். பிள்ளை இல்லை. முந்திரிப் பருப்பை வீட்டுக்கே வாங்கி வந்து, விரலால் தடவித் தடவித் தோல் உரித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கருவிழி மாற்றினால் பார்வை வரும் என்று சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சொல்லி, பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

கண் கிடைத்ததும் அவருக்குச் சொல்வது என் வேலை. அவர் ஊர் மளிகைக் கடைக்குப் போன் செய்தால் கூட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் பஸ் நம்பரை வழியில் வருவோர் போவோரிடம் கேட்டுக் கேட்டுத் தனியாகச் சிதம்பரம் வந்து சேர்ந்தார். முதல் முறை வந்த கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை கண்ணே ஓட்டையாகி வந்த ஒருவருக்கு அவசரமாக அதைப் போட்டுவிட்டார்கள். சத்தம் போடாமல் திரும்பிப் போனார். நான் யார் என்பது அவருக்குக் குரலால் மட்டும்தான் தெரியும். "போன் தம்பிதான பேசறது? சாப்டீங்களா தம்பி?" என்பார். அந்த மாவட்டத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே சில சமயம் ஒன்றும் விசேஷம் இல்லாமலும் மளிகைக் கடைக்குப் போன் போட்டிருக்கிறேன்.

2006, சித்திரை மாதம். காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. கடலூரிலேயே வசதியான வீடு. வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார், எட்டரை மணிக்கு உயிர் போனது, கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூத்த மகன் சொன்னார். எட்டரை என்றால் இப்போதுதான். இவ்வளவு புதிதாக வீட்டுக் கண் எனக்குக் கிடைத்ததே இல்லை. உடனே சிதம்பரத்துக்குச் சொன்னேன். அப்படியே மளிகைக் கடைக்கும் போட்டேன். "இந்தத் தடவ கண்டிப்பாக்கா, கெளம்பி வாங்க" என்றேன். அந்தக் 'கண்டிப்பா'வைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

டாக்டருக்கு வேறு வேலை இருந்ததால் நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டிவி மேல் பஞ்சாங்கம் விரித்தபடி இருந்தது. நான் ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தேன். முழங்கை மடங்கவில்லை. தலைக்கு அடியில் துண்டு வைக்கத் தூக்கினால் கழுத்தோடு தோளும் சேர்ந்து வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் போன உடம்பு இப்படி விறைத்திருக்காது. இமை சரியாக மூடாத இடத்தில் கருவிழி லேசாக மங்கியிருந்தது, கண்ணாடியில் மூச்சு விட்டது போல. டாக்டர் புதிதாக வந்தவர், அவசரத்தில் இருந்தார். தன் வேலையைச் செய்துவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் வாசலுக்கு வந்தேன். ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சாவு வீடுகளில் அடிக்கடி சந்தித்துச் சந்தித்துப் பழக்கம். என்னோடு சேர்ந்து நின்று டீ குடிக்கிற மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான்.

"எட்டரைக்குத்தான் போனாராம்" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னா மச்சான் எட்டரை? எனக்கு விடியறதுக்கு முன்னாடியே போனு. பொட்டிய ரெடியா வெச்சிக்க, ஆனா ஒம்போது மணிக்கு மேல கொண்டாந்தா போதும்னாங்க. ரெண்டு மணிக்கே முடிஞ்சிட்டுதுன்னு அவுங்க வூட்டு டிரைவரு சொல்றான். காலையில எட்டு மணி வரைக்கும் ரேவதியாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. ரேவதி நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு. இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், வீட்டில் நல்ல காரியம் கூடாது. பெரியவரின் பேத்திக்கு ஆனி மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள், மண்டபம் முதற்கொண்டு பேசியாயிற்று என்று அவரே சொன்னார். பெரியவர் போனாலும் பதினாறு முடிந்ததும் நடத்திவிடலாம், அடைப்பில் போனால் சம்பந்தி வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் ரேவதி முடிந்து அசுவினி பிறக்கும் வரை அழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது யாரும் செய்யாத காரியம் இல்லை. யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை என்றுதான் செய்வார்கள். கண்ணையும் கொடுக்கப்போகிற வீட்டில் மட்டும்தான் அது கெடுதல், அதை அவர்கள் யோசிக்கவில்லை.

படிவத்தை எடுத்தேன். 'இறந்த நேரம்' என்ற கட்டம். மூத்த மகன் எதிரே நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெண் தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தது. இரண்டு மணி என்று நான் எழுதினால் கண் தள்ளுபடி, மிஞ்சினால் யாருடைய கண்ணிலாவது ஓட்டை அடைக்க மட்டும்தான் ஆகும். ஓட்டை அடைக்க எந்தக் கருவிழியும் போதும், பார்வை வர நல்ல கருவிழி வேண்டும். இந்நேரம் அந்த அக்கா பண்ருட்டியில் பஸ் மாறிக்கொண்டிருப்பார். மூன்றாவது முறையும் அவரைத் திரும்பிப் போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இது தேறினாலும் தேறும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எட்டரை மணி என்று எழுதினேன். வீட்டார் சொன்னதைத்தானே எழுதினேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அலுவலகத்தில் டாக்டர் கருவியில் வைத்துப் பார்த்தார். "லேசா மடிப்பு தெரியுது" என்றார். பிறகு படிவத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம்தான ஆயிருக்கு, போவட்டும்." ஒன்று வேறு ஊருக்கு, கண் ஓட்டையான ஒருவருக்குப் போயிற்று. மற்றொன்றை நான் மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் ஐஸ் பெட்டியைத் தட்டி "மீனுங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அக்கா ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, புதுப் புடவை கட்டியிருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று, "வந்துட்டீங்களா தம்பி, சாப்டீங்களா?" என்றார். நான் பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு, சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது கருவிழி புகை பிடித்தது போல இருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள், பிறகு ஒரு மாதம். தெளியவே இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கருவிழிக்கு உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்லுங்க இருக்கு. நெய்வேலிச் சுரங்கத்துல ராப்பகலா தண்ணி எறைக்கிறாங்க இல்ல, அந்த பம்பு மாதிரி. அது நின்னா கருவிழி ஊறிப் போய் மங்கிடும். செத்த செல்லு திரும்ப மொளைக்காது. இவுங்களுக்கு மொத நாள்லேருந்தே பம்பு ஓடல. டைம் கரெக்டாத்தான எழுதினீங்க?"

"அவுங்க சொன்னததான் மேடம் எழுதினேன்" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வரும்.

அக்கா வராந்தாவில் இருந்தார். ஒட்டவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். மற்றதை அவரே யோசித்து முடித்திருந்தார். "என் ஒடம்பு அதை ஏத்துக்கல தம்பி. ராசி இல்லாத ஒடம்பு. கட்டுப் போட்ட அன்னைக்குச் யாருக்கும் தெரியாம ரெண்டு சொட்டு அழுதுட்டேன், அதனாலயா இருக்கும்." பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "கண்ணு குடுத்த வூடு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும் இல்ல? நான் வீணாக்கிட்டேன், மன்னிச்சிக்கச் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேங்க்கா" என்றேன்.

ஆனி மாதம் அந்த வீட்டிலிருந்து எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. கடலூருக்கு வந்த பிறகு என்னைத் தேடி வந்த முதல் பத்திரிகை. மூத்த மகனிடம் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கறுவிக்கொண்டுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார். "எங்கப்பா கண்ணு யாரோ ஒருத்தருக்கு வெளிச்சம் குடுக்குது, அதுதாங்க எங்களுக்குப் பெருமை" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக் கண் என்று போனால் யார் என்ன நேரம் சொன்னாலும் முதலில் முழங்கையை மடக்கிப் பார்ப்பேன். பஞ்சாங்கம் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். இதற்காக இரண்டு வீடுகளில் சண்டை வந்தது. கண்களை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் அதிகம் நின்றேன். மளிகைக் கடைக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டேன்.

2008இல் டாக்டரம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. இரண்டாவது முறை செய்யலாம், பார்வை வர வாய்ப்பிருக்கிறது என்று அவர் பல தடவை ஆள் அனுப்பியும் அக்கா வர மறுத்துவிட்டார். காலம் தள்ளத் தள்ளக் கண்ணில் ரத்தக்குழாய்கள் ஏறிக்கொண்டிருந்தன, இன்னும் தாமதித்தால் எந்தக் கண்ணும் ஒட்டாது. "நீங்க நல்லா பேசுவீங்க, போய்ச் சொல்லிப் பாருங்க" என்றார்.

போனேன். அக்கா சுவரில் சாய்ந்து முந்திரி உரித்துக்கொண்டிருந்தார். "போன் தம்பியா?" என்று முகம் மலர்ந்தது. ஆபரேஷன் பேச்சை எடுத்ததும் தலையை ஆட்டினார். "வேணாம் தம்பி. செத்தவுங்க கண்ண ஒரு தடவ வீணாக்குனது போதும். அது வேற யாருக்காச்சும் போனா அவுங்களாவது பாப்பாங்க. எனக்கு வேணாம்."

நான் எவ்வளவோ நல்ல பேச்சு யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் செல்லுபடியாகாது என்று தெரிந்தது. அதனால் நடந்ததைச் சொன்னேன். ரேவதி, அசுவினி, மடங்காத முழங்கை, ஃப்ரீசர் பெட்டிக்காரர் சொன்னது, படிவத்தில் நான் எழுதியது. "உங்க ஒடம்புல ஒரு தப்பும் இல்லக்கா. அந்தக் கண்ணு வர்றப்பவே செத்துதான் வந்துது" என்றேன்.

அவர் விரல்கள் நின்றுவிட்டன. "ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார். அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசியவர்.

"தெரியும்."

"அந்த வூட்ல போயி மன்னிப்பு சொல்றேன்னியே, சொன்னியா?"

"இல்லக்கா."

அழுதார். சத்தமில்லாமல், முந்தானையால் அந்தக் கண்ணை ஒற்றிக்கொண்டே அழுதார். "ரெண்டு வருசமா மீன் தொடல நானு. தலைக்கு எண்ண வெக்கல. ஒடம்பு சுத்தமில்லாமதான் அது தங்கலன்னு நெனச்சி நெனச்சி…" நான் கிளம்பும்போது சொன்னார்: "டாக்டரம்மாகிட்ட வர்றேன்னு சொல்லு. ஆனா இந்தத் தடவ நீ கொண்டாராத. வேற யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பு."

இரண்டு மாதம் கழித்து, பைக் விபத்தில் அடிபட்டு வந்த ஓர் இளைஞன் பகலில் வார்டில் இறந்தான். அவன் அப்பாவிடம் நான்தான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். கேஸ் ஷீட்டில் நிமிடம் உட்பட நேரம் இருந்தது, அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதினேன். ஐஸ் பெட்டியை ஜீப் டிரைவரிடம் கொடுத்துச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றேன். மூன்று வாரத்தில் கருவிழி தெளிந்துவிட்டதாக டாக்டரம்மா போனில் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள ஆள்தான் இல்லை.

2011இல், பண்ருட்டியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஏறிய ஒரு பெண் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார், தடித்த கண்ணாடி போட்டிருந்தார். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிற மாதிரி. என் முகம் அவருக்கு எப்படித் தெரியும்?

மழைத் தூறல் உள்ளே அடித்தது. "அந்த ஜன்னல கொஞ்சம் எறக்கி விடுறீங்களா தம்பி?" என்றார்.

இறக்கிவிட்டேன். வெயிலா, மழையா, கடலூருக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவராகவே பேசிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். பதில் சொன்னால் குரலை வைத்து நான் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். கடலூர் வந்ததும் போர்டைத் தானே படித்துப் பார்த்து இறங்கிப் போனார். அவர் கூட்டத்தில் மறையும் வரை நான் இருக்கையை விட்டு எழவில்லை.